கேமுக்குள் விளம்பரம் கொடுக்கிறவருக்கும் டேட்டா சட்டப் பொறுப்பு உண்டா?

பனியன்சிட்டி | திங்கள், இரவு 9:40

வணக்கம்ங்க. திருப்பூர்ல குழந்தைகளுக்கான பருத்தித் துணி தைக்கிற சின்ன கம்பெனியில ஆன்லைன் விற்பனை என் பொறுப்பு. மொத்தமா வாங்குற பையர்களுக்குத் தைச்சுக் கொடுக்கிறதோட, மூணு வருஷமா எங்க சொந்தப் பேர்ல அமெரிக்காவுக்கு நேரடியா வித்துட்டு இருக்கோம். ஆர்டர்ல பெரும்பங்கு கலிஃபோர்னியா, டெக்சாஸ்.

விளம்பரத்துல பாதிக்கு மேல மொபைல் கேம்களுக்குள்ள ஓடுது. மூணு மிட்டாயைச் சேர்த்து உடைக்கிற மாதிரி கேம் விளையாடுறவங்கள்ல அம்மாக்கள் நிறைய. "முப்பது செகண்ட் வீடியோ பாத்தா ஒரு உயிர் கூட" அப்படின்னு வருமே, அந்த இடத்துல எங்க துணி வரும். நல்லாவே போகுது.

போன வாரம், கேம்கள்ல எங்க விளம்பரத்தைக் காட்டுற ஆட் நெட்வொர்க்ல இருந்து நாலு பக்க இணைப்பு ஒப்பந்தம் வந்துச்சு. "நாங்கள் பதிவேற்றும் வாடிக்கையாளர் பட்டியலுக்கு உரிய அறிவிப்பும் ஒப்புதலும் பெற்றிருக்கிறோம்", "விலகியவர்களின் விருப்பத்தை மதிக்கிறோம்", "குழந்தைகளின் தரவை அனுப்ப மாட்டோம்" இப்படி வரிசையா. கீழே கையெழுத்து.

முதலாளி சொல்றது: "கேம்காரன் டேட்டா எடுக்கறான், நெட்வொர்க்காரன் அதை வச்சு ஏலம் விடறான். நாம காசு குடுத்து விளம்பரம் போடறோம். ரோட்டோரம் போர்டு வாடகைக்கு எடுத்தவன் ரோட்டுல போறவனுக்கெல்லாம் பொறுப்பாக முடியுமா?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியல. கையெழுத்துப் போட்டுட்டு மறந்துடலாமா?

---

ஏலக்கடை | திங்கள், இரவு 10:25

பன்னிரண்டு வருஷமா ஆட் ஆப்ஸ், அதாவது விளம்பரங்களை ஓட்டிக் கண்காணிக்கிற வேலை. உங்க முதலாளி கேட்டது நியாயமான கேள்வி, ஆனா ரோட்டோர போர்டு உவமை பொருந்தாது. ஏன்னு சொல்றேன்.

அந்த அம்மா "வீடியோ பார்" பட்டனைத் தொட்டதும் கேமுக்குள்ள உட்கார்ந்திருக்கிற எஸ்டிகே (நெட்வொர்க் கொடுக்கிற மென்பொருள் துண்டு) ஒரு ஏலக் கோரிக்கை அனுப்பும். அதுல என்ன மாடல் போன், ஐபி முகவரி, விளம்பர ஐடி (விளம்பரத்துக்காக ஒவ்வொரு போனுக்கும் இருக்கிற அடையாள எண்), எந்த கேம், எந்த ஊர்ப் பக்கம், சில சமயம் வயசு வரம்பு எல்லாம் இருக்கும். விளம்பர இடத்தை வாங்குற நிறுவனங்கள் பத்து இருபது அதைப் பாக்கும். ஒருத்தர் ஜெயிப்பார், விளம்பரம் ஓடும். எல்லாம் கண் இமைக்கிற நேரத்துல முடிஞ்சிடும். தோத்தவங்க கையிலயும் அந்தக் கோரிக்கை போய்ச் சேர்ந்திருக்கும்கிறதைக் கவனிங்க.

இந்தக் கட்டம் வரைக்கும் விளம்பரதாரர் கண்ணுல ஒண்ணும் படாது, அது உண்மை. உங்களுக்கு வர்றது ரிப்போர்ட் மட்டும். அதனால ஒப்பந்தத்துல இருக்கிற பாதி வரி நெட்வொர்க் தன் சுமையை உங்க தலையில வைக்கிறதுதான்னு நான் நினைக்கிறேன்.

ஆனா ரெண்டு கேள்வி. உங்க வாடிக்கையாளர் இமெயில் பட்டியலை நெட்வொர்க்குக்கு ஏத்தி "இவங்களை மாதிரி ஆளுங்களைத் தேடிக் குடு"ன்னு கேக்கிறீங்களா? உங்க வெப்சைட்ல அவங்க பிக்சல் (யார் வந்து என்ன பாத்தாங்கன்னு அவங்களுக்குச் சொல்ற சின்ன கோட்) வச்சிருக்கீங்களா?

---

பனியன்சிட்டி | திங்கள், இரவு 10:41

ரெண்டும் உண்டுங்க. பட்டியல் மாசத்துக்கு ஒரு தடவை ஏத்துறோம். ஹாஷ் பண்ணித்தான் போகுது, அதனால யாருன்னு தெரியாதுன்னு சொன்னாங்க.

---

சட்டத்துளி | செவ்வாய், காலை 7:15

பனியன்சிட்டி அண்ணா, கையெழுத்தை இன்னும் போடாதீங்க. எட்டு வருஷமா தரவு ஒப்பந்தங்கள் பாக்கிறேன். இதைக் கொஞ்சம் நீளமாவே எழுதுறேன்.

முதல்ல ஹாஷ். இமெயிலை ஹாஷ் பண்ணினா அது ஒரு நீண்ட எழுத்துச்சரமா மாறும். அதே இமெயில் நெட்வொர்க் கையிலயும் இருந்தா, அவங்களும் அதே முறையில ஹாஷ் பண்ணிப் பொருத்திடுவாங்க. பொருந்தணும்னுதானே நீங்க ஏத்துறீங்க? அப்போ அது அடையாளமில்லாத தரவு ஆகாது. ஹாஷ் பண்ணினதால தரவு அநாமதேயம் ஆகிடாதுன்னு அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான எஃப்டிசி 2024-ல வெளிப்படையாவே எழுதினாங்க.

ரெண்டாவது, கலிஃபோர்னியா சட்டம். சிசிபிஏங்கிற நுகர்வோர் தனியுரிமைச் சட்டம் 2018-ல நிறைவேறி 2020 ஜனவரி 1-ல நடைமுறைக்கு வந்துச்சு. 2020 நவம்பர்ல மக்கள் வாக்கெடுப்பு மூலமா அதைத் திருத்தினாங்க, அந்தத் திருத்தம் 2023-ல இருந்து அமல். திருத்தத்துல நமக்கு முக்கியமானது ஒரு சொல்: "பகிர்தல்". காசு கைமாறணும்னே இல்ல. ஒருத்தர் ஓரிடத்துல செஞ்சதை வச்சு வேறொரு இடத்துல அவருக்குக் குறிவச்சு விளம்பரம் காட்டுறதுக்காகத் தரவைக் கொடுத்தாலே அது பகிர்தல். உங்க சைட்ல கவுன் பார்த்த அம்மாவுக்கு மிட்டாய் கேமுக்குள்ள அதே கவுனைக் காட்டுறீங்களே, சட்டம் சொல்றது அச்சு அசலா அதைத்தான். பகிர்றது யார்? கேம் இல்ல. நீங்க.

உங்க முதலாளி உவமையிலயே சொல்றேன். போர்டு வாடகைக்கு எடுத்தது தப்பில்ல. கடைக்கு வந்துபோன எல்லாரோட விலாசத்தையும் போர்டு கம்பெனிக்குக் கொடுத்து "இவங்க எந்த ரோட்டுல போனாலும் என் போர்டைத் திருப்பிக் காட்டு"ன்னு சொன்னதாலதான் பொறுப்பு வருது.

மூணாவது, "நெட்வொர்க் நாங்க சொன்ன வேலையை மட்டும் செய்யிற சேவையாளர்தானே" அப்படின்னு ஒரு வாதம் எப்பவும் வரும். கலிஃபோர்னியா விதிமுறைகள்ல அந்தக் கதவை மூடிட்டாங்க. வாடிக்கையாளர் இமெயில் பட்டியலைக் கொடுத்து, அதுல இருக்கிறவங்களைத் தன் தளத்துல கண்டுபிடிச்சு விளம்பரம் காட்டச் சொன்னா, அந்த வேலையில எதிர்த்தரப்பு சேவையாளர் ஆக முடியாது, மூன்றாம் தரப்புதான். இதை எடுத்துக்காட்டோடவே எழுதி வச்சிருக்காங்க. மூன்றாம் தரப்புன்னா, எந்த நோக்கத்துக்கு மட்டும் தரவைப் பயன்படுத்தலாம்னு சொல்ற ஒப்பந்தம் இருக்கணும், "என் தரவைப் பகிராதே"ன்னு வாடிக்கையாளர் விலக வழி இருக்கணும், விலகினவங்க பேரைப் பட்டியல்ல இருந்து எடுக்கணும். விலகல் கோரிக்கையை அதிகபட்சம் 15 வேலை நாளுக்குள்ள நிறைவேத்தணும். விலகினவரை 12 மாசத்துக்கு "திரும்பச் சேர்ந்துக்கிறீங்களா"ன்னு கேக்கவும் கூடாது.

---

நேர்க்கோடு | செவ்வாய், காலை 9:02

எல்லாம் சரி. ஆனா இந்தச் சட்டம் சின்ன கம்பெனிக்கு இல்லையே? ஆண்டு வருமான வரம்பு இருக்கு. அதோட கலிஃபோர்னியா அதிகாரி திருப்பூருக்கு வந்து அபராதம் வசூல் பண்ணப் போறாரா? நடைமுறையைப் பேசுவோம். ஆறு பேர் இருக்கிற ஆபீஸ்ல சட்டம் படிக்க யாருக்கு நேரம்?

---

சட்டத்துளி | செவ்வாய், காலை 11:30

வரம்பு இருக்கு. மூணுல ஏதாவது ஒண்ணு பொருந்தினாப் போதும். ஒண்ணு ஆண்டு வருமானம்: 2.5 கோடி டாலர்னு இருந்தது, 2025-ல விலைவாசிக்கு ஏத்தபடி 2.6625 கோடி ஆக்கினாங்க. ரெண்டு, வருமானத்துல பாதிக்கு மேல தரவை வித்தோ பகிர்ந்தோ வர்றது. இந்த ரெண்டும் துணி விக்கிற இவங்களுக்குப் பொருந்தாதுன்னு வச்சுக்கலாம். மூணாவதுதான் பலர் கவனிக்காதது: ஒரு லட்சம் கலிஃபோர்னியா நுகர்வோர் அல்லது குடும்பங்களோட தரவை ஒரு வருஷத்துல வாங்கினாலோ, வித்தாலோ, பகிர்ந்தாலோ சட்டத்துக்குள்ள வந்துடுவீங்க.

கணக்குப் போடுங்க. லட்சத்தை 365-ஆல் வகுத்தா நாளுக்கு 274 பேர். அவங்க துணி வாங்கவே வேண்டாம். விளம்பரத்தைத் தட்டி சைட்டுக்குள்ள வந்து, பிக்சல் அவங்க போனை நெட்வொர்க்குக்குச் சொல்லிட்டாப் போதும். பனியன்சிட்டி அண்ணா, கலிஃபோர்னியாவுல இருந்து நாளுக்கு எத்தனை புது ஆளுங்க வர்றாங்கன்னு உங்க அனலிட்டிக்ஸைப் பாருங்க.

இது கலிஃபோர்னியா மட்டும். டெக்சாஸ் சட்டம் 2024 ஜூலையில அமலாச்சு, அதுல வருமான வரம்பே கிடையாது, சிறுதொழில்னு அமெரிக்க அரசு வரையறுக்கிறவங்களுக்கு மட்டும் பெரும்பாலான விலக்கு. மேரிலாந்து 2025 அக்டோபர்ல வந்துச்சு: 18 வயசுக்குக் கீழன்னு தெரிஞ்சாலும், தெரிஞ்சிருக்க வேண்டிய நிலைமை இருந்தாலும், அவங்களுக்குக் குறிவச்ச விளம்பரமே கூடாது.

"திருப்பூருக்கு வருவாங்களா" அப்படிங்கிறதுக்கு: வர மாட்டாங்க. ஆனா உங்க ஆட் அக்கவுண்ட், பேமெண்ட், கிடங்கு எல்லாமே அமெரிக்கக் கம்பெனிகள்கிட்ட இருக்கு. நீங்க கையெழுத்துப் போட்ட வரி பொய்யானா அவங்க அக்கவுண்டை மூடுவாங்க. அதுக்கு எந்த அதிகாரியும் விமானம் ஏற வேண்டாம்.

---

பனியன்சிட்டி | செவ்வாய், மதியம் 1:10

பாத்தேன்ங்க. கலிஃபோர்னியா மட்டும் போன மாசம் நாளுக்குச் சராசரி 310. தீபாவளி சீசன்ல இதுக்கும் மேல.

---

கொங்குபிக்சல் | செவ்வாய், மாலை 6:20

கேம் பண்ற பக்கத்துல இருந்து சொல்றேன். கோயம்புத்தூர்ல நாலு பேர் சேர்ந்து மொபைல் கேம் செய்யறோம்.

எங்க கேமுக்குள்ள, பல நெட்வொர்க்கை ஒண்ணாச் சேர்க்கிற மீடியேஷன் எஸ்டிகே ஒண்ணு இருக்கு. அதுக்குக் கீழ ஏழு நெட்வொர்க்கோட எஸ்டிகே. ஒவ்வொண்ணுக்கும் "இது குழந்தைகளுக்கான கேம்", "இந்தப் பயனர் விலகிட்டார்" அப்படின்னு சொல்ற கொடி, அதாவது நிரல்ல வைக்கிற குறி, தனித்தனி. ஒரு எஸ்டிகே அப்டேட் ஆச்சுன்னா கொடியோட பேர் மாறிடும், நாம பழைய பேர்லயே அனுப்பிட்டு இருப்போம். பிழைச் செய்தி ஒண்ணும் வராது. விளம்பரம் ஓடிட்டே இருக்கும், காசும் வந்துட்டே இருக்கும். எங்களுக்கு ஒருமுறை இப்படி ஐந்து வாரம் நடந்துச்சு. எங்க கவனக்குறைவுதான். கண்டுபிடிச்ச அன்னிக்கு நைட்டு தூக்கமே வரல, ஏன்னா விளையாடுறதுல நிறைய பேர் சின்னப் பசங்க.

இதே மாதிரி விஷயம் ஒரு வழக்காவே வந்திருக்கு. டில்டிங் பாயிண்ட் மீடியாங்கிற கம்பெனி ஸ்பாஞ்ச்பாப் பேர்ல ஒரு சமையல் கேம் விட்டாங்க. 2024 ஜூன்ல கலிஃபோர்னியா அட்டர்னி ஜெனரலும் லாஸ் ஏஞ்சலஸ் நகர வழக்கறிஞரும் அவங்களோட 5 லட்சம் டாலருக்கு முடிச்சாங்க. ரெண்டு குறை முக்கியமானது. வயசு கேக்கிற திரை நடுநிலையா இல்ல, குழந்தை உண்மையான வயசைப் போடுற மாதிரி அமைக்கல. அதைவிட எனக்கு வலிச்சது ரெண்டாவது: வயசைச் சரியாப் போட்ட குழந்தையோட தரவும் வெளிய போயிருக்கு, காரணம் எஸ்டிகே அமைப்புல பிழை. வேணும்னு பண்ணலைன்னு அரசே ஒத்துக்கிட்டது. இருந்தாலும் பொறுப்பு அவங்களோடதுதான்.

---

ஏலக்கடை | செவ்வாய், இரவு 8:05

தம்பி சொன்ன கொடி விஷயம் நூத்துக்கு நூறு உண்மை. அதோட இன்னொரு பக்கமும் இருக்கு: கொடி சரியா வந்தும் கண்டுக்காம விடுறது.

நம்ம ஊர் சம்பந்தப்பட்டது, அதனால சொல்றேன். இன்மொபி, பெங்களூர்ல வளர்ந்த ஆட் நெட்வொர்க். 2016 ஜூன்ல எஃப்டிசி அவங்க மேல நடவடிக்கை எடுத்தாங்க. இருப்பிட அனுமதி தர மாட்டேன்னு பயனர் சொன்ன பிறகும், பக்கத்துல இருக்கிற வைஃபை நெட்வொர்க்குகளை வச்சு அவர் எங்க இருக்கார்னு கணிச்சு, அதுக்கேத்தபடி விளம்பரம் காட்டினாங்கன்னு புகார். கோடிக்கணக்கான பேர். அதுல ஆயிரக்கணக்கான ஆப்களை "இது குழந்தைகளுக்கானது"ன்னு உருவாக்கினவங்களே குறிச்சுக் கொடுத்திருந்தாங்க. குறி இருந்தும் பின்தொடர்தல் நடந்துச்சு. 40 லட்சம் டாலர் அபராதம் போட்டு, நிதிநிலை பாத்து 9.5 லட்சம் கட்டச் சொன்னாங்க. ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை வெளியாள் தணிக்கை, அதுவும் 20 வருஷத்துக்கு.

அந்தச் சமயத்துல நானும் இதே தொழில்லதான் இருந்தேன். இருப்பிடத்தை வச்சுக் குறிவைக்கிறதை எல்லா விளம்பரதாரரும் விரும்பிக் கேட்டாங்க. அது எப்படிக் கிடைக்குதுன்னு ஒருத்தர் கூட என்கிட்ட கேட்டதில்ல, நானும் யார்கிட்டயும் கேட்டதில்ல. அதனாலதான் பனியன்சிட்டி கேள்வியைப் பாத்ததும் பதில் எழுதணும்னு தோணுச்சு.

---

லாச்சப்பல் | செவ்வாய், இரவு 11:50

நான் பாரிஸில இருக்கிறன். இஞ்ச ஒரு விளம்பர நிறுவனத்தில வேலை. ஐரோப்பாவுக்கு விளம்பரம் குடுக்கிற யோசனை இருந்தா இதையும் ஒருக்கா பாருங்கோ.

வூடூ எண்டு பிரெஞ்சுக் கேம் கொம்பனி, சின்னச் சின்னக் கேம்கள் செய்யிறவை, உங்கட ஃபோனிலயும் ஒண்டு இருந்திருக்கும். 2021 ஏப்ரலில ஐஓஎஸ் 14.5 வந்த பிறகு "இந்த ஆப் உங்களைப் பின்தொடரலாமா" எண்டு ஆப்பிள் கேக்கிற பெட்டி வந்தது தெரியும்தானே. வூடூ கேமில ஆக்கள் "வேண்டாம்" எண்டு அமத்தின பிறகு, விளம்பரப் பின்தொடர்தல் நிப்பாட்டியாச்சு எண்டு ஒரு திரை வரும். ஆனா ஆப்பிள் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் குடுக்கிற வேறொரு ஐடியை, ஐடிஎஃப்வி எண்டுறது, அதை வாசிச்சு விளம்பரத்துக்குப் பாவிச்சவை. 2022 டிசம்பர் கடைசியில இஞ்சத்தே தரவு ஆணையம் சிஎன்ஐஎல் 30 லட்சம் யூரோ தண்டம் போட்டது.

எங்கட ஒஃபிசில அண்டைக்குப் பெரிய கலவரம். விளம்பரதாரர் எல்லாரும் "எங்கட விளம்பரமும் அந்தக் கேமில ஓடினதா" எண்டு கேட்டு ஃபோன் மேல ஃபோன். ஓடினதுதான். ஆருக்கும் சட்டப்படி ஒண்டும் வரேல்ல. ஆனா அதுக்குப் பிறகு எல்லா விளம்பரதாரரும் ஒரு கேள்வியைக் கட்டாயமாக் கேக்கத் தொடங்கினவை: "வேண்டாம் எண்டு சொன்ன ஆளின்ர ஃபோனில இருந்து என்ன வருது?" அந்தக் கேள்வியை நீங்கள் நெட்வொர்க்கிட்ட எழுத்தில கேளுங்கோ. பதில் வர எத்தினை நாள் எடுக்குது எண்டதே நிறையச் சொல்லும்.

---

ஆறாம்வகுப்புஅம்மா | புதன், காலை 6:35

இதுவரை படிக்க மட்டும்தான் வருவேன், இன்னிக்கு எழுதுறேன். மதுரை. பையன் ஆறாம் வகுப்பு.

என் பழைய போன்ல கார் ஓட்டுற கேம் விளையாடுவான். முதல்ல திறக்கிறப்ப பிறந்த வருஷம் கேட்டுச்சாம். "உண்மையைப் போட்டா பாதி வண்டி வராதும்மா, அதான் 1990 போட்டேன்"னு சாதாரணமா சொல்றான். அவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தாங்கன்னு கேட்டா, கிளாஸ்ல எல்லாருமே அப்படித்தானாம்.

இப்ப அவனுக்குக் கடன் ஆப் விளம்பரம் வருது. கல்யாண வரன் விளம்பரம் வருது. உங்க கணக்குல அவன் முப்பத்தஞ்சு வயசு ஆம்பளை. நேர்க்கோடு சார், ஆறு பேர் ஆபீஸ்ல நேரம் இல்லன்னு எழுதியிருந்தீங்க. எங்க வீட்ல ரெண்டு பேர்தான் சார், ரெண்டு பேரும் வேலைக்குப் போறோம். ஏழு எஸ்டிகேல எது என்ன அனுப்புதுன்னு நாங்க எங்க போய்ப் பாக்கிறது?

இந்தியாவுல இதுக்குச் சட்டம் இருக்கா இல்லையா? அதை மட்டும் யாராவது தெளிவா சொல்லுங்க.

---

சட்டத்துளி | புதன், காலை 10:10

இருக்கு மேடம். முழுசா அமலுக்கு வர இன்னும் கொஞ்ச காலம் ஆகும்.

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023 ஆகஸ்ட். விதிகள் 2025 நவம்பர்ல அறிவிச்சாங்க. முக்கியமான கடமைகள் அதுல இருந்து 18 மாசம் கழிச்சு, அதாவது 2027 மே மாசம் அமலாகும்.

உங்க பையன் விஷயத்துல ஒன்பதாம் பிரிவு. அமெரிக்காவுல கோப்பாங்கிற குழந்தைகள் இணையத் தனியுரிமைச் சட்டம் 13 வயசுக்குக் கீழ இருக்கிறவங்களைத்தான் குழந்தைன்னு சொல்லும். கலிஃபோர்னியா 16 வரைக்கும் நீட்டி, 13 முதல் 15 வரை பிள்ளையே முன்வந்து சம்மதிச்சாத்தான் தரவை விக்கலாம், பகிரலாம்னு சொல்லும். நம்ம சட்டத்துல 18 நிறையாத எல்லாருமே குழந்தை. பெற்றோரோட சரிபார்க்கக்கூடிய ஒப்புதல் வேணும். அதைவிடப் பெருசு: குழந்தையைப் பின்தொடர்றது, நடத்தையைக் கண்காணிக்கிறது, குழந்தையைக் குறிவச்சு விளம்பரம் காட்டுறது மூணுக்கும் தடை. பெற்றோர் சம்மதிச்சாலும் தடைதான், அரசு விதிவிலக்கு கொடுத்தாத்தான் உண்டு. மீறினா 200 கோடி ரூபாய் வரை அபராதம்.

உங்களுக்கு நேரடியாப் பயன்படுற இன்னொண்ணு: ஒப்புதல் கேக்கிற அறிவிப்பை ஆங்கிலத்துலயோ எட்டாவது அட்டவணையில இருக்கிற எந்த மொழியிலயோ படிக்கிற வசதி தரணும். தமிழும் அதுல உண்டு. ஒப்புதல் கொடுக்கிறது எவ்வளவு சுலபமோ, திரும்பப் பெறுறதும் அவ்வளவு சுலபமா இருக்கணும். 50 லட்சத்துக்கு மேல பதிவுசெஞ்ச பயனர் இருக்கிற கேம் தளங்கள், ஒருத்தர் மூணு வருஷம் தொடாம விட்டா அவர் தரவை அழிக்கணும், அழிக்கிறதுக்கு 48 மணி நேரம் முன்னாடி சொல்லணும்.

1990-னு பொய் சொல்ற சிக்கலுக்குச் சட்டத்துல சுலபமான பதில் இல்ல. வயசைச் சரிபார்க்கிறேன்னு எல்லார்கிட்டயும் ஆதார் கேக்க ஆரம்பிச்சா அது வேற பிரச்சினையைக் கொண்டு வரும். எனக்குச் சரின்னு படுறது ஒண்ணுதான். பொம்மைக் கார், கார்ட்டூன் வண்டி, பிரகாசமான நிறம்னு பார்த்த உடனே பசங்களுக்கானதுன்னு தெரியிற கேமா இருந்தா, பயனர் என்ன வயசு போட்டிருந்தாலும் அங்க குறிவச்ச விளம்பரமே வேண்டாம்னு விளம்பரதாரர் முடிவு பண்ணணும். அந்த முடிவை எடுக்க எந்தச் சட்டமும் அமலாகக் காத்திருக்க வேண்டாம். எல்லா நெட்வொர்க்லயும் கேம் பட்டியலை விலக்குற வசதி இருக்கு.

---

நேர்க்கோடு | புதன், மதியம் 12:45

மேடம், நீங்க எழுதினதைப் படிச்சேன். எங்க வீட்லயும் ஒன்பது வயசுப் பொண்ணு இருக்கா. நேத்து எழுதினப்ப வியாபாரத்தை மட்டும் யோசிச்சேன். மன்னிக்கணும்.

ஆனா ஒரு கேள்வியை விடல. குறிவைக்காத விளம்பரம் போட்டா சின்னக் கம்பெனிக்குச் செலவு ரெட்டிப்பாகாதா?

---

ஏலக்கடை | புதன், பிற்பகல் 3:30

ஆகும்னு எல்லாரும் பயப்படுறாங்க. பொருளைப் பொறுத்தது. ஒருத்தரோட கடந்தகாலத்தைத் தோண்டாம, அவர் இப்ப எங்க இருக்கார்ங்கிறதை வச்சு மட்டும் காட்டுறது சூழல் விளம்பரம். தையல் கேம், குழந்தைக்கு அலங்காரம் பண்ற பெரியவங்க கேம், வீடு அலங்கரிக்கிற கேம் இங்கெல்லாம் உங்க துணியைக் காட்ட யாரோட விளம்பர ஐடியும் தேவையில்ல.

இது புதுசும் இல்ல. 2008 அமெரிக்கத் தேர்தல் சமயத்துல பராக் ஒபாமா பிரசாரக் குழு பர்ன்அவுட் பாரடைஸ்ங்கிற கார் பந்தய கேம்ல, ரோட்டோர போர்டுல விளம்பரம் வச்சாங்க. முன்கூட்டியே வாக்களிக்கிற வசதி இருந்த பத்து மாநிலத்துல மட்டும் தெரியிற மாதிரி. மாநிலம் தெரிஞ்சாப் போதும், ஆள் தெரிய வேண்டாம். உங்க முதலாளி சொன்ன ரோட்டோர போர்டு அதுதான், அந்த இடத்துல அவர் சொன்னது சரி.

ஒரு எச்சரிக்கை. சூழல் விளம்பரம்னு பேர் வச்சாலும் ஐபியும் போன் மாடலும் அப்பவும் போகும். "எண்ணிக்கை பாக்கவும் மோசடி தடுக்கவும் மட்டும்"னு ஒப்பந்தத்துல எழுதி வாங்குங்க. இல்லேன்னா அதை வச்சே ஆளைத் திரும்பக் கண்டுபிடிச்சிடுவாங்க.

---

சட்டத்துளி | புதன், மாலை 5:00

பனியன்சிட்டி அண்ணா, உங்க சைட் பக்கம் ரெண்டு வழக்கு சொல்லிடறேன், ரெண்டும் கடை வச்சிருக்கிறவங்க மேல வந்தது. 2022 ஆகஸ்ட்ல செஃபோரா 12 லட்சம் டாலர் கட்டினாங்க. சைட்ல மூன்றாம் தரப்புப் பின்தொடர் கருவிகளை விட்டு, பதிலுக்கு அனலிட்டிக்ஸும் விளம்பர வசதியும் வாங்கினதே "விற்பனை"ன்னு கலிஃபோர்னியா சொல்லிச்சு. பிரவுசர்ல இருந்து வர்ற விலகல் சமிக்ஞையான ஜிபிசியை அவங்க கண்டுக்கல. 2025 மே மாசம் டாட் ஸ்னைடர்ங்கிற ஆண்கள் துணிக்கடைக்கு 3,45,178 டாலர். விலகல் பெட்டி 40 நாள் வேலை செய்யல. வெளி நிறுவனம் அமைச்சதுன்னு சொன்னது எடுபடல.

துணிக்கடைங்கிறதால சொன்னேன். உங்க அளவுக்கு இப்படித் தொகை வரும்னு பயமுறுத்தல.

---

ஏலக்கடை | புதன், மாலை 5:40

ஒரு திருத்தம். ஜிபிசி பிரவுசருக்குத்தான். கேம் ஆப்புக்குள்ள அது வராது, அங்க செட்டிங்ஸ்ல தனியா விலகல் வசதி வைக்கணும். 2025 நவம்பர்ல ஜாம் சிட்டிங்கிற கேம் கம்பெனி 14 லட்சம் டாலருக்கு ஒத்துக்கிட்டது இதுக்குத்தான், ஆப்புக்குள்ள ஒழுங்கான விலகல் வழி இல்லைன்னு.

---

சட்டத்துளி | புதன், மாலை 5:52

சரிதான். நான் சைட்டை மட்டும் மனசுல வச்சு எழுதிட்டேன்.

---

பனியன்சிட்டி | சனி, காலை 11:15

எல்லாருக்கும் நன்றிங்க. இந்த இழையை அப்படியே பிரிண்ட் எடுத்து முதலாளி மேசையில வச்சேன். ஆறாம்வகுப்புஅம்மா எழுதினதை ரெண்டு தடவை படிச்சார். நாங்க குழந்தைத் துணி விக்கிறவங்க, அதை மறந்துட்டோம்னார்.

முடிவெடுத்தது இதுதான். இமெயில் பட்டியல் ஏத்துறதை நிறுத்தியாச்சு. ஏற்கனவே போனதை அழிச்சிட்டதா நெட்வொர்க்கிட்ட எழுத்துல உறுதி கேட்டிருக்கோம், இன்னும் வரல. பிக்சலைக் கழட்டாம, ஜிபிசி வந்தா ஓடாத மாதிரியும், "என் தகவலை விற்கவோ பகிரவோ வேண்டாம்" இணைப்பைத் தட்டினா நிக்கிற மாதிரியும் பையன் ஒருத்தன் எழுதினான். மூணு போன்ல நானே சோதிச்சேன், ஒண்ணுல நிக்கல, திரும்ப எழுதினோம். இனி திங்கக்கிழமை தோறும் சோதிக்கிறது என் வேலை. குழந்தைங்க கேம் 140-ஐ எங்க விளம்பரம் ஓடுற பட்டியல்ல இருந்து நீக்கியாச்சு. ஒவ்வொண்ணா திறந்து பாத்துத்தான் நீக்கினோம், ரெண்டு நாள் ஆச்சு.

லாச்சப்பல் அண்ணா சொன்ன கேள்வியை நெட்வொர்க்குக்கு அனுப்பி மூணு நாள் ஆச்சு. பதில் இல்ல. ஒப்பந்தத்துல இன்னும் கையெழுத்துப் போடல.

ஒண்ணே ஒண்ணு பாக்கி. எங்க விளம்பரத்துல ஒரு குட்டி விளையாட்டு இருக்கு, பொம்மைக்குச் சட்டை போட்டு விடுறது. முடிவுல "உங்க குழந்தை பிறந்த மாசமும் வருஷமும் சொல்லுங்க, சரியான அளவு காட்டறோம்"னு கேக்கும். அது வச்சிருக்கலாமா?

---

சட்டத்துளி | சனி, பகல் 12:20

கோப்பா கவனிக்கிறது குழந்தைகிட்ட இருந்து வாங்குற தகவலை. அம்மா தன் பிள்ளையைப் பத்திச் சொன்னா அது அந்தச் சட்டத்துக்குள்ள வராது. ஆனா பொம்மைக்குச் சட்டை போடுற விளையாட்டை யார் தொடுவாங்க? அம்மா போனைக் கையில வச்சிருக்கிற அஞ்சு வயசுக் குழந்தை. போனோட ஐடியும் அதோட சேர்ந்து பதிவானா, குழந்தையே தன் பிறந்த மாசத்தை உங்களுக்குக் கொடுத்த மாதிரி ஆகிடும். உங்களுக்கு வேண்டியது பிறந்தநாளா, துணி அளவா?

---

பனியன்சிட்டி | சனி, பகல் 12:48

அளவுதாங்க.

---

பனியன்சிட்டி | சனி, மாலை 4:30

மாத்தியாச்சு. இப்ப 2–3, 4–5, 6–7 அப்படின்னு மூணு சட்டை படம் மட்டும். தொட்டா அந்த அளவுத் துணிப் பக்கம் திறக்கும், எதுவும் சேமிக்காது. பழைய படிவத்துல வந்த பிறந்த மாசமெல்லாம் ஷீட்ல 11,000 வரி இருந்துச்சு. இன்னிக்கு அழிச்சேன், பேக்கப்லயும்.